தோழிக்குச் சம்பளம் கிடையாது

முதல் வருடம் மாதம் 7,000 ரூபாய். இரண்டாம் வருடம் 6,000. மூன்றாம் வருடம் 5,000. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அனுபவம் ஏற ஏறத் தொகை இறங்குகிற வேலை வேறு ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். எங்கள் கரிசல் காட்டில் பயற்றங்காட்டுக்குக் களையெடுக்கப் போகிற பெண்ணுக்குக்கூட மூன்றாம் வருடம் கூலி கொஞ்சம் ஏறியிருக்கும். ஏறாவிட்டாலும் இறங்கியிருக்காது.

2024 டிசம்பர் 9ஆம் தேதி ஹரியானாவின் பானிபட்டில் பிரதமர் தொடங்கிவைத்த, எல்ஐசியின் 'பீமா சகி' திட்டத்தில் வருகிற உதவித்தொகை இது. 18 வயதிலிருந்து 70 வயது வரை, பத்தாம் வகுப்பு முடித்த பெண்கள் சேரலாம். மூன்று வருடத்தில் கூட்டினால் 2,16,000 ரூபாய். விற்கிற பாலிசிக்கான கமிஷன் இதற்கு மேல் தனியாக உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எந்த நிலையிலும் இதைச் சம்பள வேலையாகக் கருதக்கூடாது என்று எல்ஐசியே தன் விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. மூன்று ஆண்டுகளில் இரண்டு லட்சம் பெண்களைச் சேர்ப்பது இலக்கு.

இன்னொரு அறிவிப்பையும் பக்கத்தில் வையுங்கள். 2025 ஆகஸ்டில் அதே எல்ஐசி உதவி நிர்வாக அதிகாரி பணிக்கு ஆள் கேட்டது. ஏதாவது ஒரு பட்டப்படிப்பு போதும், பி.ஏ. தமிழ் படித்தவளும் எழுதலாம். தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 88,635 ரூபாய். படிகள் எல்லாம் சேர்ந்தால் பெருநகரத்தில் ஏறக்குறைய 1,26,000 என்று அறிவிப்பிலேயே இருந்தது. பொதுப்பிரிவு அதிகாரியாக நாடு முழுவதற்கும் 350 இடங்கள்.

ஒரு வாசலில் 350 பேர், அவர்களிலும் ஆண் பெண் கலந்து. இன்னொரு வாசலில் இரண்டு லட்சம் பேர், அத்தனை பேரும் பெண்கள். முதல் வாசலின் அடிப்படைச் சம்பளம் இரண்டாம் வாசலின் முதல் வருட உதவித்தொகையைப் போலப் பன்னிரண்டரை மடங்குக்கும் மேல். காப்பீட்டுத் துறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதிய விகிதம்தானே, இங்கே என்ன பாகுபாடு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். ஒரே நாற்காலியில் உட்கார்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம், உண்மை. எந்தப் பெண்களை எந்த வாசல் வழியாக உள்ளே கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் பாகுபாடு இருக்கிறது.

'சகி' என்றால் தோழி. தமிழ் படித்தவள் என்பதால் இந்தச் சொல்லை அவ்வளவு லேசில் விட்டுவிட்டு நகர என்னால் முடியாது. நம் அகப்பாடல்களில் அதிகம் வேலை செய்கிறவள் தோழிதான். தலைவனிடம் பேசுவாள், தாயிடம் பேசுவாள், இரவுக்குறிக்கு வழி பார்ப்பாள், ஊர் அலர் தூற்றும்போது தாங்குவாள், கடைசியில் அறத்தொடு நின்று திருமணத்தையும் முடித்துவைப்பாள். அவளுக்குப் பெயர் கிடையாது. அவளுக்கென்று ஒரு காதலோ வீடோ கிடையாது. தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்கிறது. அதாவது பிறர் பிள்ளையை வளர்த்துக் கொடுத்தவளின் பிள்ளை. அவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று எந்தப் பாட்டிலும் வராது. நட்பு என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கேட்பது அசிங்கமாகிவிடுகிறது. வடமொழிப் பெயர் வைத்தவர்களுக்கு நம் அகப்பாடல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெண்ணின் உழைப்புக்கு உறவுப்பெயர் சூட்டினால் செலவு குறையும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தத் துறையில் யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று மேலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். உச்சியில் ஆக்சுவரி. எத்தனை வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் போட்டுப் பிரீமியத்தை நிர்ணயிக்கிறவர். நாடு முழுவதும் முழுத்தகுதி பெற்றவர்கள் சில நூறு பேர்தான், ஆகவே கேட்ட சம்பளம் கிடைக்கும். அடுத்து நிர்வாக அதிகாரிகள். அரசுப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களில் அண்மை அறிவிப்புகளின்படி அதிகாரியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 50,925. அதற்குக் கீழே உதவியாளர். அதே நிறுவனங்களில் அடிப்படை 22,405, படிகளோடு பெருநகரத்தில் 40,000 அளவுக்கு வரும். வளர்ச்சி அதிகாரி என்று ஒருவர் உண்டு. முகவர்களைச் சேர்த்து அவர்களை ஓட்டுகிறவர். அவருக்குச் சம்பளமும் உண்டு, கீழே இருக்கிறவர்கள் கொண்டுவரும் பிரீமியத்தைப் பொறுத்து ஊக்கத்தொகையும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் கீழே முகவர். எல்ஐசியில் மட்டும் 13 லட்சத்துக்கு மேல். சம்பளம் இல்லை, கமிஷன் மட்டும்.

அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டம் எல்லோருக்கும் தெரியும், வங்கிக் கணக்கிலிருந்து வருடா வருடம் எடுப்பார்களே அதுதான். 2015இல் தொடங்கியபோது பிரீமியம் 330 ரூபாய். அதில் காப்பீட்டு நிறுவனத்துக்கு 289, ஆளைச் சேர்த்துவிடும் முகவருக்கோ வங்கித் தொடர்பாளருக்கோ 30, வங்கிக்கு 11. 2022 ஜூனில் பிரீமியத்தை 436 ஆக்கினார்கள். நிறுவனத்தின் பங்கு 395 ஆனது. சேர்த்துவிடுகிறவளின் பங்கு? அதே 30. கூடிய 106 ரூபாயில் ஒரு ரூபாய்கூட அவள் பக்கம் வரவில்லை. ஊர்ப்பொட்டலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஆதார் அட்டை வாங்கி, கைரேகை விழாத தீப்பெட்டித் தொழிலாளியின் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்கிறாளே, அவளுடைய 30 ரூபாய்.

ஏழை வீட்டு வாசலில் நிற்கிறவளுக்கு 30 ரூபாய், அந்த வாசலையே பார்க்காதவருக்கு லட்சம். இடையில் இருக்கிற எல்லாப் படிக்கும் இந்தக் கணக்கு அநேகமாகப் பொருந்தும்.

இப்போது முகவருடைய வருமானத்துக்கு வருகிறேன், என் சண்டை அங்கேதான். முகவர் பயிற்சியில் முதல் நாளே ஒரு நோட்டைக் கொடுத்து, உங்களுக்குத் தெரிந்த 100 பேருடைய பெயரை எழுதுங்கள் என்பார்கள். ஊர் உலகம் முழுவதும் உள்ள பழக்கம் இது, எந்த நிறுவனமும் விதிவிலக்கில்லை. சொந்தம், பக்கத்து வீடு, கூடப் படித்தவர்கள், கணவனின் நண்பர்கள். அந்த 100 பெயர்தான் மூலதனம். சென்னையில் ஒரு அதிகாரி வீட்டுப் பெண் எழுதுகிற 100 பெயரில் டாக்டர் இருப்பார், தணிக்கையாளர் இருப்பார், வெளிநாட்டுத் தம்பி இருப்பான். நாலாட்டின்புதூரிலோ கயத்தாறிலோ கழுகுமலையிலோ ஒருத்தி எழுதுகிற 100 பெயரில் யார் இருப்பார்கள்? தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிற மதினி, கடலைமிட்டாய்க் கம்பெனியில் பொட்டலம் போடுகிற சித்தி மகள், குழுவில் கூட இருக்கிற பத்துப் பன்னிரண்டு பேர், ஸ்பின்னிங் மில்லில் வேலைபார்த்துவிட்டு வீட்டில் இருக்கிற மாமா.

கமிஷன் விகிதம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். நீண்ட காலம் முதல் வருடப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை இருந்தது. 2024 அக்டோபரில் எல்ஐசி அதை 28 ஆகக் குறைத்து, பின்வரும் வருடங்களுக்கான விகிதத்தை 5இலிருந்து 7.5 ஆக உயர்த்தியது. சென்னைப் பெண்ணின் வாடிக்கையாளர் வருடத்துக்கு ஒரு லட்சம் கட்டினால் முதல் வருடம் 28,000. நம் கழுகுமலைப் பெண்ணின் மதினி வருடத்துக்கு 6,000 கட்டினால் 1,680. வேலை என்னவோ கழுகுமலையில்தான் கூடுதல். டாக்டருக்கு ஒரு தடவை போனில் சொன்னால் போதும், பணம் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். மதினிக்கு நாலு தடவை நேரில் போய், மாமியாரைச் சம்மதிக்கவைத்து, வயதுச் சான்றுக்குப் பள்ளிக்கூடம் அலைந்து, பிறகு ஒவ்வொரு தவணைக்கும் வாசலில் போய் நிற்க வேண்டும். விகிதம் சமம் என்பதால் ஊதியம் நியாயம் என்று ஆகாது. உன் சாதிசனம் எவ்வளவு வசதியோ அவ்வளவுதான் உன் சம்பளம் என்று சொல்கிற ஏற்பாட்டுக்குச் சமத்துவம் என்று யார் பெயர் வைத்தது?

பீமா சகிக்கு முதல் வருட இலக்கு 24 பாலிசி. ஊக்கக் கமிஷனைச் சேர்க்காமல் முதல் ஆண்டுக் கமிஷன் 48,000 வர வேண்டும். ஊக்கத்தையும் சேர்த்த 28 சதவீதத்தையே வைத்துக் கணக்குப் போட்டால்கூட, 1,71,000 ரூபாய்க்கு மேல் பிரீமியம் பிடிக்க வேண்டும். தலைக்கு 7,000க்குக் குறையாமல் கட்டக்கூடிய 24 பேர். ஏற்கெனவே ஊருக்கு ரெண்டு முகவர் இருக்கிற இடத்தில். அடுத்த வருட உதவித்தொகை வேண்டும் என்றால், முதல் வருடம் போட்ட பாலிசிகளில் 65 சதவீதமாவது உயிரோடு இருக்க வேண்டும்.

இந்த 65 சதவீதம் என்ற எண்ணை யோசித்தவருக்குக் கரிசல் மண் தெரியாது. இங்கே புரட்டாசியில் விதைத்தால் தையில் மாசியில்தான் காசு. உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், கொத்தமல்லி, எது போட்டாலும் வானம் பார்த்துத்தான். நடுவில் படைப்புழு வந்தால் மக்காச்சோளம் போச்சு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய அந்த மழை, தூத்துக்குடி மாவட்டத்துக் காடுகளில் நின்ற வெள்ளாமையையும் சேர்த்துக்கொண்டுதான் போனது. "மதினி, இந்த மாசம் கையில ஒண்ணும் இல்ல, பயறு வித்ததும் தாரேன்" என்று அவள் சொன்னால் அது சாக்கு இல்லை, உண்மை. மழை தப்பினால் விவசாயிக்குப் பயிர்க் காப்பீடு என்று ஒன்றாவது இருக்கிறது. மழை தப்பியதால் பாலிசி காலாவதியாகிற முகவருக்கு எந்தக் காப்பீடும் இல்லை.

அப்போது அவள் என்ன செய்வாள்? தன் கையிலிருந்து கட்டுவாள். எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. ஒரு வருடம் எத்தனை பேருக்குத் தவணை போட்டுக் கட்டினார் என்று அவருடைய பழைய டைரியை வைத்துக் கூட்டிப் பார்த்தோம். கமிஷனாக வந்ததில் பாதிக்கு மேல் அப்படிப் போயிருந்தது. "திருப்பித் தருவாகளா?" என்றேன். "பாதிப்பேரு தருவாக. மீதிப்பேரு வீட்டு விசேஷத்துக்கு எனக்குச் சேல எடுத்துத் தருவாக" என்று சிரித்தார். இந்தக் கணக்கு எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் வராது.

இதில் சட்டம் வேறு குறுக்கே நிற்கிறது. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பாலிசி எடுக்கவைக்கக் கமிஷனிலிருந்தோ பிரீமியத்திலிருந்தோ தள்ளுபடி கொடுப்பதைத் தடுக்கிறது. மீறினால் அபராதம் 10 லட்சம் வரை போகலாம். "முத டியூவ நீங்களே கட்டிருங்க" என்று கேட்காத வாடிக்கையாளர் எங்கள் பக்கம் குறைவு. கொடுத்தால் குற்றம், கொடுக்காவிட்டால் பாலிசி இல்லை. வசதியான ஆண் முகவருக்கு அது வியாபாரச் செலவு. இவளுக்கு அது கழுத்துச் சங்கிலி.

பயணச் செலவையும் சொல்ல வேண்டும். அதிகாரிக்குப் பயணப்படி உண்டு. இவளுக்கு 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாடு அரசின் கட்டணமில்லாப் பேருந்து உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பேருந்து எத்தனையோ பெண்களை வாசல் தாண்டவைத்தது. ஆனால் கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் ஒன்றைக் குறித்துக்கொள்கிறேன்: ஒரு நிறுவனம் தன் விற்பனையாளருக்குத் தர வேண்டிய பயணப்படியை மாநில அரசின் வரிப்பணம் தருகிறது. 2024-25 நிதியாண்டில் எல்ஐசியின் நிகர லாபம் 48,151 கோடி ரூபாய்.

பாலிசி எடுத்தவர் இறந்துபோனால் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்துகிறது. முகவரின் வேலையில் மிகக் கடினமானது அங்கேதான் தொடங்குகிறது. இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழில் ஒரு எழுத்து மாறியிருந்தால் தாலுகா ஆபீஸுக்கு நடக்க வேண்டும். நியமனதாரர் பெயரில் கல்யாணத்துக்கு முன்னால் இறந்துபோன அம்மா பெயர் இருக்கும், மனைவி பெயர் இருக்காது. வாரிசுச் சான்று என்பார்கள். வெடிவிபத்து என்றால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள். பாலிசி மூன்று வருடத்துக்குள் என்றால் விசாரணைக்கு ஆள் வரும், முன்னமே நோய் இருந்ததா என்று அக்கம்பக்கத்தில் கேட்கும். கணவனை இழந்தவளின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து அவளுடைய அழுகைக்கு நடுவே கையெழுத்து வாங்குவதும், கொழுந்தன்மார் பணத்தைக் கேட்டு வரும்போது காசோலை அவள் கணக்குக்குத்தான் போகும் என்று சட்டம் பேசுவதும் இந்த அக்காதான். இதற்கெல்லாம் அவளுக்கு என்ன கிடைக்கும் தெரியுமா? எதுவும் கிடையாது. கமிஷன் என்பது பிரீமியத்தின் ஒரு பங்கு. செத்துப்போனவர் பிரீமியம் கட்ட மாட்டார். ஆகவே அவருடைய சாவோடு இவளுடைய கமிஷனும் நின்றுவிடுகிறது, வேலை மட்டும் நிற்பதில்லை. காப்பீடு என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கிற ஒரே இடத்தில் காப்பீட்டுத் துறை அவளுக்குச் சல்லிக்காசு தருவதில்லை.

எத்தனையோ பெண்கள் இதில் வென்றிருக்கிறார்களே என்பார்கள். வென்றிருக்கிறார்கள். கோவில்பட்டியிலும் எம்டிஆர்டி தகுதி பெற்றவர்களை வாழ்த்தி பிளெக்ஸ் பேனர் வைக்கிறார்கள், அதில் பெண் முகங்களும் இருக்கின்றன. 1927இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த அமைப்பின் பெயர் எங்கள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்ததில் எனக்கு வேடிக்கைதான். உச்சியிலும் பெண்கள் உண்டு. 2013இல் உஷா சங்வான் எல்ஐசியின் முதல் பெண் மேலாண்மை இயக்குநர் ஆனார். ஜிஐசி ரீ நிறுவனத்துக்கு ஆலிஸ் வைத்யன் தலைவரானார். அவர்கள் சம்பள வாசல் வழியாக உள்ளே போனவர்கள். மாதச் சம்பளமும் பிரசவ விடுப்பும் ஓய்வூதியமும் காலுக்குக் கீழே இருந்ததால் முப்பது வருடம் ஏற முடிந்தது. அவர்களைக் காட்டி இவளிடம் நீயும் ஏறு என்பது, மாடிப்படி வீட்டைக் காட்டிக் கிணற்றில் இருக்கிறவளுக்கு நம்பிக்கை சொல்வது மாதிரி.

பேனரில் இருக்கிற பெண் பெயர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அரசு வேலையில் இருக்கிற ஆண் முகவராக இருக்க முடியாது. ஆகவே மனைவி பெயரில் ஏஜென்சி. வாத்தியார் பள்ளிக்கூடத்தில் சக வாத்தியார்களிடம் பாலிசி பிடிப்பார், விருதை அம்மா மேடையேறி வாங்குவார். இதற்கு நேர் எதிரானதும் உண்டு: வெயிலில் அலைகிறவள் அவள், ஏடிஎம் அட்டை அவன் சட்டைப்பையில். பெண் முகவர் எண்ணிக்கை கூடிவிட்டது என்று யாராவது மேடையில் சொன்னால், இரண்டு வகையையும் கழித்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கல்யாணம். இந்தத் தொழிலின் உண்மையான பணம் முதல் வருடத்தில் இல்லை, வருடா வருடம் வருகிற புதுப்பிப்புக் கமிஷனில் இருக்கிறது. அது சேர இருபது வருடம் ஒரே ஊரில் நிற்க வேண்டும். ஆண் பிறந்த ஊரிலேயே நிற்பான். அவனுடைய 100 பெயர் 1,000 ஆகும். இவள் 22 வயதில் எழுதிய 100 பெயரை இங்கேயே விட்டுவிட்டு, 24 வயதில் திருப்பூருக்கோ சாத்தூருக்கோ வாழப் போவாள். அங்கே அவளுக்குத் தெரிந்தவர்கள் மாமியாரும் பக்கத்து வீடும்தான். எந்தச் சுற்றறிக்கையும் இதைப் பெண்ணுக்கு எதிராக எழுதவில்லை. எழுதத் தேவையில்லை, நம் கல்யாண வழக்கமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

சம்பள வாசல் மட்டும் சுத்தமா என்றால் அதுவும் இல்லை. 1989இல் டெல்லியில் நீரா மாத்தூர் என்ற பெண் எல்ஐசியில் உதவியாளராகச் சேர்ந்தார். சேரும்போது ஒரு படிவம். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருவுற்றாய், கருச்சிதைவு உண்டா என்றெல்லாம் கேள்வி. பிரசவ விடுப்பு எடுத்தவரை, படிவத்தில் உண்மையை மறைத்தாய் என்று 1990இல் வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1991 அக்டோபரில் நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது, அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்தே நீக்கச் சொன்னது. ஒரு பெண் வழக்குப் போட்டதால் நாட்டிலுள்ள மற்றப் பெண்களுக்கு அந்தக் கேள்விகள் போயின. உள்ளே இருக்கிற பெண்களுக்கு இன்றும் ஒரு தடை உண்டு. பதவி உயர்வு வேண்டும் என்றால் இடமாற்றத்துக்குத் தயாராக வேண்டும். பிள்ளையின் பத்தாம் வகுப்பு, மாமனாரின் மருந்து என்று உயர்வையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உதவியாளராகவே ஓய்வு பெற்ற பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய கணவர்கள் அதே வருடங்களில் மாற்றலில் போய்ப் பதவி உயர்ந்து வந்தார்கள்.

ஆனாலும் அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அகில இந்திய இன்சூரன்ஸ் ஊழியர் சங்கம் 1951இல் தொடங்கியது, எல்ஐசி பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்பே. 1974 ஒப்பந்தத்தில் கிடைத்த போனஸை நெருக்கடி நிலைக் காலத்தில் 1976இல் ஒரு சட்டமே கொண்டுவந்து பறித்தார்கள். ஊழியர்கள் வழக்காடி 1978இல் உச்ச நீதிமன்றத்தில் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று ஆக்கினார்கள். 2024 மார்ச்சில் எல்ஐசி ஊழியர்களுக்கு 17 சதவீத ஊதிய உயர்வு, 2022 ஆகஸ்டிலிருந்து முன்தேதியிட்டு வந்தது. நியாயமான உயர்வு, மகிழ்ச்சி. அதே வருடம் அக்டோபரில்தான் முகவரின் முதல் வருடக் கமிஷனைக் குறைத்தார்கள். ஊழியருக்குக் கூட்டும்போது முன்தேதி உண்டு, பேச்சுவார்த்தை உண்டு. முகவருக்குக் குறைக்கும்போது ஒரு சுற்றறிக்கை போதும். தொழிலாளி என்ற சொல்லுக்குள் இருக்கிறவருக்கும் வெளியே இருக்கிறவருக்கும் உள்ள தூரம் அது. முகவருக்கும் சங்கங்கள் உண்டு, போராடவும் செய்கிறார்கள். அதனால்தான் 2023இல் முகவரின் பணிக்கொடை உச்சவரம்பு 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் ஆனது. அந்தச் சங்கங்களின் மேடையில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் படங்களைப் பார்த்து நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

கரிசல் இலக்கியத்தைப் பாடம் நடத்துகிறவள் என்பதால் இடையில் ஒன்று. இந்த மண்ணைப் பற்றி எழுதியவர்களில் பலர் தபால் துறையிலும் ரயில்வேயிலும் கூட்டுறவுத் துறையிலும் சம்பளம் வாங்கிய ஆண்கள். முதல் தேதி சம்பளம் வந்ததால்தான் ராத்திரியில் எழுத முடிந்தது. அவர்கள் எழுதிய கதைகளில் வருகிற பெண்கள் பேசிய பேச்சில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அந்தப் பெண்களே எழுதவில்லை. அவர்களுக்கு முதல் தேதி என்று ஒன்று இருந்ததில்லை. நானும் பதினோரு மாதச் சம்பளம் கொடுத்துவிட்டு மே மாதம் அனுப்பிவிடுகிற ஒரு தனியார் கல்லூரியில் இருந்துவிட்டு வந்தவள். மே மாதத்தில் கவிதை வராது. இது என் அனுபவம்.

என் வகுப்பில் இறுதியாண்டு படிக்கிற பிள்ளைகளில் மூன்று பேர் இந்த வருடம் பீமா சகி பற்றிக் கேட்டார்கள். சேராதே என்று நான் சொல்லவில்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்ச் சம்பாதிப்பதைவிட 7,000 பெரிது என்று ஒருத்தி சொன்னபோது அவளுக்கு உபதேசம் செய்ய எனக்கு உரிமை இல்லை. பட்டம் பெற்ற சகிகளைப் பின்னால் வளர்ச்சி அதிகாரிப் பணிக்குப் பரிசீலிப்பார்கள் என்பதும் அறிவிப்பில் இருக்கிறது. உதவி நிர்வாக அதிகாரித் தேர்வுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள் என்றேன். கணக்குப் பயமாக இருக்கிறது மேடம் என்றார்கள். மாதா மாதம் 24 வீட்டுத் தவணையை மனக்கணக்காக வைத்துக்கொள்ளப்போகிறவளுக்கு என்ன கணக்குப் பயம்! சனிக்கிழமை மத்தியானம் கணிதத்துறைத் தோழி ஒருவர் வந்து நடத்துகிறார். அவருக்கும் நாங்கள் எதுவும் கொடுப்பதில்லை என்பதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். அடுத்த வாரத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவருக்குக் கொடுப்பதாக ஏற்பாடு.

சகியாகச் சேர்கிறவர்களுக்கு, முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று கேட்பதற்குச் சில கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் வருடம் வேலை தெரிந்த பிறகு தொகை ஏன் குறைகிறது? மழை பொய்த்த வருடத்தில் 65 சதவீதம் என்ற நிபந்தனையைத் தளர்த்துவீர்களா? இறப்புக் கோரிக்கை ஒன்றை முடித்துக் கொடுத்தால் முகவருக்கு என்ன தொகை? காலில் முறிவு வந்து மூன்று மாதம் படுத்தால் உதவித்தொகை உண்டா? பிரசவத்துக்கு? 100 பெயர் எழுதச் சொல்கிறீர்களே, அந்தப் பெயர்களை உங்களுக்குக் கொடுப்பதற்கு என்ன விலை?

கடைசிக் கேள்வியை மட்டும் ஒரு பிள்ளை அடித்துவிட்டு, கோபம் வந்திரும் மேடம் என்றாள். யாருக்கு என்று கேட்டேன். "அவுகளுக்கும்தான், எனக்கும்தான்" என்றாள். அப்புறம் அடித்ததற்கு மேலேயே திரும்ப எழுதிக்கொண்டாள்.